ஐந்தாவது தோட்டா

முப்பத்து மூன்று வருஷம் ஒரே ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த மனிதன், அது வந்து சேர்ந்த அன்று என்ன செய்வான்? குதிப்பான், அழுவான், பெண்டாட்டியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவான். ஸ்பிலிட் க்ரீக் ஊர் வெண்டல் ட்ராஸ்க் அதைத் தராசில் வைத்து எடை போட்டார். உறையோடு ஒரு தடவை, உறையில்லாமல் ஒரு தடவை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மொன்டானா மாநிலத்தில் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருபத்தொன்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்ரோல் பங்க், கோதுமைக் கிடங்கு, இறைச்சிக் கடை என்று அவர் கால் வைத்த இடத்திலெல்லாம் தராசு முட்கள் தாமாக எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்பார்கள். கல்யாணத்தன்று பாதிரியார் ‘சாகும் வரை’ என்றதும், ‘தோராயமா எத்தனை வருஷம்?’ என்று அவர் கேட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. அதை அவர் மறுத்ததில்லை. ‘தோராயமா’ என்ற சொல்லை மட்டும் தான் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்பார்.

கடிதத்துக்குள் இருந்தது சுருள் கொம்பு மலைக்கிடாயை வேட்டையாட அனுமதிச் சீட்டு. சீட்டில் குறித்த அந்த ஒரு மலைக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பம் போடுவார்கள். மாநிலம் குலுக்கி எடுப்பது நாலே நாலு பேரை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்து, சீட்டைப் பார்க்காமலே கல்லறைக்குப் போனவர்கள் ஊரில் ஒரு வரிசைக்கு இருக்கிறார்கள். முப்பத்து நாலு வயதில் முதல் விண்ணப்பம் போட்ட வெண்டலுக்கு அறுபத்தேழு வயதில் விழுந்தது. செப்டம்பர் பதினைந்தில் வேட்டை திறக்கும்.

எடை போட்ட கையோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்: ‘நூறு கஜத்தில் சுடும் ஐந்து குண்டுகளும் ஒரு கோழிமுட்டை அளவுக்குள் அடங்க வேண்டும். செப்டம்பர் பத்துக்குள் அடங்கவில்லை என்றால் மலைக்குப் போவதில்லை.’

மனைவி அர்லிஸ் வந்து படித்தாள். “எந்தக் கோழி முட்டை?”

“நடுத்தரம். நிக்க வெச்சது.”

அவள் பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் வெண்டல் ஒரு எல்க் மானை அரைகுறையாகச் சுட்டுவிட்டு, மூன்று நாள் ஃபிர் மரக்காட்டுக்குள் ரத்தச் சொட்டைத் தேடித் தேடிப் போய், கடைசியில் கண்டுபிடிக்காமலே திரும்பியவர். நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் அந்த மான் இன்னும் அவருக்குள் நொண்டி நொண்டி நடந்துகொண்டுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுதி ஒட்டினால் ஒட்டினதுதான். முட்டைக்குள் அடங்காவிட்டால் முப்பத்து மூன்று வருஷமும் அம்போ.

அவரிடம் இருந்தது ஒரு முந்நூறு மேக்னம். மேக்னம் என்றால் சாதாரணத் துப்பாக்கிக்கு மாமியார் மாதிரி. வெடிமருந்தும் அதிகம், சத்தமும் அதிகம், தோளில் விழும் உதையும் அதிகம். தோட்டாவே இடுப்பில் பித்தளை ஒட்டியாணம் கட்டிக்கொண்டுதான் வரும். அதற்கான தோட்டாக்களை வெண்டல் கடையில் வாங்கமாட்டார். முன்பின் தெரியாதவன் எடை போட்ட மருந்தை நம்புவதா?

விருந்தாளிகளுக்கான குளியலறைதான் அவருடைய பட்டறை. காற்று புகாத ஒரே இடம் அது. குளியல் தொட்டிமேல் பலகையைப் போட்டு, அதில் கைப்பிரஸ், தராசு, வெர்னியர் எல்லாம். (விருந்தாளிகள் அந்த வருஷம் சமையலறைத் தொட்டியில் முகம் கழுவினார்கள்.) சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் வைத்து, மருந்தை அளந்து கொட்டி, வாயில் குண்டைச் செருக வேண்டும். மற்றவர்கள் ஒரு மாலையில் ஐம்பது செய்வார்கள். வெண்டல் ஒரு வாரத்தில் ஐந்து செய்வார். தராசில் மருந்து இருக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. ஒரு தடவை தராசுத் தட்டில் ஈ உட்கார்ந்துவிட்டது. விரட்டினால் காற்றடிக்கும் என்று அது தானாகப் பறக்கும்வரை நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றார்.

மருந்துக்கு முன்னால் வெறுங்கூட்டையும் எடை போடுவார். எள்ளுக்குள் எண்ணெய் அளவு வித்தியாசம் இருந்தாலும் போச்சு. அடியில் அர்லிஸின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, ‘லாயக்கில்லை’ என்று எழுதிய காபி டப்பாவுக்குள் போட்டுவிடுவார். அவற்றிலும் அதே மருந்து, அதே குண்டுதான் போட்டு வைத்திருந்தார். ஆனால் அவை வேலிக்கம்பத்தைப் பயமுறுத்த மட்டும்.

ஜூன் முதல் சனிக்கிழமை சரளைக்கல் குவாரியில் முதல் பரீட்சை. நண்பர் கஸ் ஹால்வர்சன் மடக்கு நாற்காலியோடும் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அர்லிஸும் காபியோடு வந்து பின்னால் நின்றாள்.

வெண்டல் சுட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான்கும் முட்டைக்குள் குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஐந்தாவதைச் சுட்டார். அது முட்டையை விட்டு ஒரு கையகலம் வெளியே, கீழே இடப்பக்கம், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி தனியாக நின்றது.

“நாலு வந்துருச்சே!” என்றார் கஸ்.

“அஞ்சுன்னு எழுதியிருக்கேன்.”

“கிடாய்க்கு ஒண்ணு போதும்யா.”

“எது அந்த ஒண்ணுன்னு உனக்குத் தெரியுமா?”

கஸ் விதைத் தோலைத் துப்பினார்.

அடுத்த வாரமும் நாலு உள்ளே, ஐந்தாவது வெளியே. அதற்கடுத்த வாரமும். ஜூன் முழுக்க வெண்டல் மருந்தைச் சந்தேகப்பட்டார். ஜூலையில் கேப்பை. பிறகு குண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒரு தலைமுடியைப் பத்தாகக் கிழித்த அளவுக்கு மாற்றி மாற்றிப் பார்த்தார். துப்பாக்கிமேல் இருந்த தொலைநோக்கியைக் கழற்றி மாட்டினார். குவாரியில் காற்று பார்க்க ஊன்றிய ரிப்பன் கம்புகளைக் கண்டு, யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து இரண்டு கார்கள் வந்து நின்று விசாரித்துவிட்டுப் போயின. ஐந்தாவது மட்டும் அசரவில்லை.

சரி, ஐந்தாவதாகச் செய்த தோட்டாவில்தான் கோளாறு என்று தோட்டாக்களுக்கு எண் எழுதி, வரிசையைத் தலைகீழாக்கிச் சுட்டார். ஐந்தாம் எண் முதலில் போய் சமர்த்தாக முட்டைக்குள் உட்கார்ந்தது. கடைசியாகப் போன ஒன்றாம் எண் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

“குழல் சூடு,” என்றார் வெண்டல். “நாலு வெடிச்சதும் இரும்பு சூடாகி வளையுது.”

அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் அரை மணி நேரம் ஆறவிட்டார். ஐந்து குண்டு சுட ஒரு காலைப் பொழுது போயிற்று. கஸ் நாற்காலியிலேயே தூங்கி, மூக்கு வெந்த பீட்ரூட்டாகி எழுந்தார். ஐந்தாவது வெளியே.

“யோவ் இன்ஸ்பெக்டரு, நான் கடையில டப்பா வாங்குறேன், சுடுறேன், மானு விழுது. நீ ஒவ்வொண்ணுக்கும் ஜாதகம் எழுதுற. அதான் ஒண்ணு கோவிச்சுக்கிட்டு ஓடுது.”

“உன் டப்பாத் தோட்டா முட்டைக்குள்ள அடங்குமா?”

“மானுக்குள்ள அடங்கும். எனக்கு அது போதும்.”

ஆகஸ்ட் வந்தது. அர்லிஸ் வழக்கம்போல மாவட்டக் கண்காட்சிக்குப் போய், பை பலகாரப் போட்டியில் நடுவராக உட்கார்ந்து, முப்பத்தொரு ஹக்கிள்பெரிப் பழப் பை சாப்பிட்டுவிட்டு வந்தாள். பதினெட்டு வருஷமாக அவள்தான் நடுவர். சொந்தத் தங்கையின் பைக்கே கடைசி இடம் கொடுத்தவள். மறுநாள் காலை குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

“வெண்டல், ஒரு கேள்வி.”

“மூச்சு விடாதே. எடை போட்டுட்டு இருக்கேன்.”

“மூச்சு விடாமலே கேக்குறேன். தான் அஞ்சாவதுன்னு தோட்டாவுக்கு எப்படித் தெரியும்?”

வெண்டலின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. “என்னது?”

“நீதான் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டியே. எதைக் கடைசியா சுட்டாலும் அதுதான் ஓடுது. அப்ப அங்க ஏதோ ஒண்ணு எண்ணிக்கிட்டே இருக்கு. பித்தளை எண்ணுமா? மருந்து எண்ணுமா?”

“குழல்…”

“அரை மணி நேரம் ஆறப்போட்ட. கஸ் மூக்கைப் பாத்தேன்.”

வெண்டல் மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டினார். அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாலு நாள் தபால்காரரிடம் கேட்டார். காபிக் கடைக்காரி பேட்டியிடம் கேட்டார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்டார். டாக்டர், “தோட்டாவுக்குக் கணக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே,” என்று சொல்லி இன்னும் குழப்பிவிட்டார். செப்டம்பர் பிறந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த தாள் அவர் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் முறைத்தது.

செப்டம்பர் ஐந்தாம் தேதி இரவுச் சாப்பாட்டில் கரண்டியைக் கீழே வைத்தார். “அர்லிஸ், நீ எப்படி பை ருசி பாப்ப?”

“நம்பர் மட்டும்தான் இருக்கும். பேர் இருக்காது. பேர் தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும்.”

“என் தோட்டாவையும் அப்படிப் பாரேன்.”

“பாக்குறேன். ஆனா நான்தான் நடுவர். கேள்வி கேக்கக்கூடாது.”

மறுநாள் காலை குவாரியில் அர்லிஸ் இரண்டு கறுப்புத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு முட்டை. கறுப்பில் குண்டு விழுந்த ஓட்டை சுடும் இடத்திலிருந்து தெரியாது. வெண்டல் மேஜையில் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து, கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தார். கண்ணை எடுக்கக்கூடாது என்பது முதல் சட்டம். அவர் துப்பாக்கியின் பின்தாழ்ப்பாளான போல்ட்டைத் திறந்ததும் அர்லிஸ் தன் கோட்டுப் பையில் இருந்து ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே போடுவாள். சுட்டதும் வெறுங்கூட்டை அவளே எடுத்துக்கொள்வாள். எத்தனை என்று சொல்லமாட்டாள்.

“இடது,” என்றாள், கண்காட்சியில் அடுத்த தட்டைக் கேட்கும் குரலில்.

சுட்டார்.

“வலது.”

சுட்டார்.

“வலது. காபி குடி. ம்… இடது. நேத்து உன் சட்டையில பட்டன் விழுந்துருச்சு, பாத்தியா? இடது.”

ஆறாவதோ ஏழாவதோ போனபோது வெண்டலுக்குக் கணக்கு விட்டுப்போனது. எந்தத் தாளில் எத்தனை? இன்னும் எத்தனை? இடதா வலதா என்று காத்திருப்பதைத் தவிர மண்டையில் வேறொன்றும் இல்லை. தோளில் உதை விழுவதே வேறு யாருக்கோ விழுவது மாதிரி இருந்தது. இன்னொரு தோட்டாவுக்காக அவர் போல்ட்டைத் திறந்து வைத்திருந்தபோது அர்லிஸ், “அவ்வளவுதான். முடிஞ்சுது,” என்றாள்.

தாள்களிடம் நடந்து போனார்கள். அறுபத்தேழு வயது ஆள் நூறு கஜத்தை ஓடிக் கடந்தார் என்றே சொல்லவேண்டும். வலது தாளில் ஆறு ஓட்டை, ஆறும் முட்டைக்குள். இடது தாளில் ஆறு, ஆறும் முட்டைக்குள். அதுவும் மஞ்சள் கரு அளவுக்குள்.

வெண்டல் வெர்னியரை எடுத்தார். அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பிறகு ஒரு கல்மேல் உட்கார்ந்தார்.

“நான்தானா?” என்றார்.

“தோட்டாவுக்கு எண்ணத் தெரியாதுப்பா. எண்ணத் தெரிஞ்ச ஆள் அங்க ஒருத்தர்தான் உக்காந்திருந்தாரு. நாலு உள்ள விழுந்ததும் ‘இதைக் கெடுத்துடாதே’ன்னு தோள் இறுகுது உனக்கு. வெடிக்கிறதுக்கு முன்னாடியே உதைக்குப் பயந்து இழுக்குற. நான் ஜூன்லயே பின்னாலருந்து பாத்தேன்.”

“ஜூன்ல சொல்லவேண்டியதுதானே?”

“ஜூன்ல நீ நம்பியிருப்பியா? எம்மேல காத்தடிச்சுதான்னு ரிப்பன் கட்டியிருப்ப.”

வெண்டல் இடது தாளை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜில் சபதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அடுத்த நாள் அதைக் காபிக் கடைக்கும் கொண்டுபோய், கஸ் ஹால்வர்சன் தட்டின்மேல் விரித்தார். “மூணு மாசம் எடை போட்ட தோட்டா, பாத்துக்கோ! டப்பாத் தோட்டா இப்படிச் சுடுமா?” கஸ் தாளைத் தூக்கி, அடியில் இருந்த முட்டைப் பொரியலைச் சாப்பிட்டார். பேட்டி கவுண்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஓட்டை எல்லாம் ஒரே ஓட்டையா இருக்கே, எலி கடிச்சுதா?” என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டை வெண்டல் வாழ்நாளில் வாங்கியதில்லை.

ஆனால் பதினான்காம் தேதி சாமான் கட்டும்போது அவர் முகம் சப்பென்று இருந்தது.

“என்ன?” என்றாள் அர்லிஸ்.

“மலையில ஒரே ஒரு வெடிதான். முதலும் அதான், கடைசியும் அதான். முப்பத்து மூணு வருஷத்துக்கும் சேத்து ஒண்ணு. அதைவிடப் பெரிய அஞ்சாவது ஒண்ணு இருக்கா?”

அர்லிஸ் தன் மலைக்காலணியைத் தேடி எடுத்து வெளியே வைத்தாள். தோட்டாக்களைத் தன் கோட்டுப் பையில் போட்டுப் பட்டன் போட்டாள்.

கஸ் தன் இரண்டு கோவேறு கழுதைகளோடு மலையடிவாரம்வரை வந்து, கூடாரம் போட்டு, “கிடாய் விழுந்தா கூப்பிடு. விழலைன்னா மெதுவா வா, நான் சாப்பிட்டு முடிச்சுர்றேன்,” என்று படுத்துவிட்டார். மேலே போனது வெண்டலும் அர்லிஸும்தான். முதல் நாள் பனிமூட்டம். இரண்டாம் நாள் பெட்டையாடுகள் மட்டும். மூன்றாம் நாள் காலை, ஒரு பாறைச் சரிவின் விளிம்பில் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தபோது, எதிர்ச் சரிவில் இரண்டு கிடாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. இருநூறு கஜம். இடது பக்கத்தில் இருந்தது கிழம். கொம்பு முழுச் சுற்றும் சுற்றி, நுனி தேய்ந்து, கன்னத்தை இடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொம்பைத் தூக்கிக்கொண்டு அது எப்படி நிமிர்ந்து நின்றதோ, அதுவே ஒரு அதிசயம்.

வெண்டல் படுத்தார். முதுகுப் பையைக் கல்மேல் வைத்துத் துப்பாக்கியைச் சாய்த்து, போல்ட்டைத் திறந்தார். கண்ணை வைத்தார். இதயம் மேளம் கொட்டியது. கிடாய் தொலைநோக்கிக்குள் குதித்துக் குதித்து ஆடியது. தோள் இறுகத் தொடங்குவது அவருக்கே தெரிந்தது. ஃபிர் மரங்களுக்குள் அந்த எல்க் மான் நொண்டுவதும் தெரிந்தது. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தார். எடுத்தும் விட்டிருப்பார்.

திறந்த போல்ட் வழியாக ஒரு தோட்டா ‘டக்’ என்று உள்ளே விழுந்தது.

“இடது,” என்றாள் அர்லிஸ். கண்காட்சியில் அடுத்த தட்டைக் கேட்கும் அதே குரல்.

வெண்டலின் கை போல்ட்டை மூடியது. அவருக்கு ஏனோ பட்டன் விழுந்த சட்டை ஞாபகம் வந்தது. தோள் தளர்ந்தது. விரல் எப்போது அழுத்தியது என்று அவருக்கே தெரியாது.

கிழக்கிடாய் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது, பிறகு சாய்ந்தது. ஒரு அடி நகரவில்லை. இன்னொரு கிடாய் நிதானமாக எழுந்து, அவமானப்பட்ட விருந்தாளி மாதிரி மேலே ஏறிப் போனது.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காத்து” என்றார். காற்றே இல்லை.

கையால் தோட்டா செய்பவன் எந்த மலையிலும் தன் வெறுங்கூட்டை விட்டுவிட்டுப் போகமாட்டான். வீடு தீப்பிடித்தாலும் கூட்டைப் பொறுக்கிக்கொண்டுதான் ஓடுவான். அர்லிஸ் கையை நீட்டுவதற்குள் வெண்டல் போல்ட்டைத் திறந்துவிட்டார். கூடு துள்ளிக் கல்லில் விழுந்து மணி மாதிரி கிணுங்கியது. எடுத்தார். ஊதினார். திருப்பினார்.

அடியில் சிவப்புப் பொட்டு.

“அர்லிஸ்.”

“ம்.”

“இது காபி டப்பாத் தோட்டா.”

“ஆமா.”

“லாயக்கில்லாதது!”

“கிடாய்கிட்ட சொல்லு.”

வெண்டல் கிடாயைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். மண்டைக்குள் ஏதோ ஒரு முள் மெல்ல மெல்ல நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. “குவாரியில… அந்த இடது தாள்?”

“ஆறும் டப்பாலருந்து.”

“அதைத்தானே ஃப்ரிட்ஜில ஒட்டினேன்!”

“நானும் பாத்தேன்.”

“கஸ் தட்டுல விரிச்சேனே!”

“அதையும் பாத்தேன். நடுவர் பேர் சொல்லக்கூடாது, வெண்டல்.”

கீழே கஸ் வெடிச் சத்தம் கேட்டுக் கழுதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, கிடாய் விழவில்லை, இன்ஸ்பெக்டருக்குத்தான் புத்தி விழுந்துவிட்டது என்று முடிவு செய்ததாகப் பிற்பாடு காபிக் கடையில் சொன்னார்.

சிவப்புப் பொட்டைப் பற்றி வெண்டல் காபிக் கடையில் மூச்சு விடவில்லை. அர்லிஸும் விடவில்லை. ஆட்டிறைச்சி ஊருக்கெல்லாம் பங்கு போயிற்று. இடது தாள் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்லிஸ் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, நன்றித் திருநாள் விருந்துக்காக நகம் பூசலாம் என்று சிவப்புப் பாட்டிலை எடுத்தாள். சுத்தமாகக் காலி. குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். ‘லாயக்கில்லை’ டப்பாவைக் காணோம். பலகைமேல் நூற்றுச் சொச்சம் தோட்டாக்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நல்லது, கெட்டது, எடை நின்றது, நிற்காதது. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம் காயாத ஒரு சிவப்புப் பொட்டு.

“வெண்டல், என் நகப்பூச்சு எங்க?”

“மூச்சு விடாதே,” என்றார் வெண்டல், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். “எடை போட்டுட்டு இருக்கேன்.”